கொசுத்தேனீ பிசினும் பட்டணத்து ஆசையும்

"ஐயா, உங்க பக்கம் கொசுத்தேனீ பிசின் கிடைக்குமா? சுகருக்கு, கேன்சருக்கு நல்லதாமே?" சென்னையிலேருந்து இப்படி போன் மேல போன். புரோபோலிஸ்னு ஒரு பேரை வச்சு, குட்டி பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. நீங்களும் வாங்குறீங்க.

அது என்னன்னு சொல்றேன். புவனகிரி பக்கம் பழைய மண்சுவர்லயும் மரப்பொந்துலயும் கூடு கட்டுற, கொட்டத் தெரியாத ஈ இது. மரத்துல வடியுற பிசினைப் பின்னங்கால்ல ஒட்டிக் கொண்டாந்து தன் மெழுகோட கலக்கும். வாசல் குழாய், உள்சுவர், தேன் வைக்கிற குட்டிப் பானை எல்லாம் அதுலதான். எறும்பு வந்தா வாசல்லயே ஒட்டிக்கும். ஆஸ்திரேலியாவுல இதோட இனத்து ஈ, உள்ள புகுந்த வண்டை உயிரோட பிசின் பூசி மூடிடுமாம்!

கிருமியை அடக்குற குணம் அதுக்கு இருக்கு, மறுக்கல. ஆய்வுக்கூடத் தட்டுல பாக்டீரியாவை வளரவிடாது. ஆனா தட்டு வேற, மனுஷ உடம்பு வேற. விளம்பரத்துல காட்டுற பிரேசில் பச்சைப் புரோபோலிஸ் பெரிய தேனீ அந்த ஊர்ச் செடியிலேருந்து சேர்த்தது. நம்ம ஈ சேர்க்கிறது நம்ம மரத்துப் பிசின். மரம் மாறினா சரக்கே மாறும். பொன்னி நெல்லுக்கு எடுத்த சோதனையை உளுந்துக்குக் காட்டுற கதைதான் இது. அந்தப் பெரிய தேனீ சரக்குக்கே, நோய் எதிர்ப்புக்கு நல்லதுன்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010லயே சொல்லிடுச்சு. சர்க்கரை, புற்றுநோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு நம்ம நாட்டுல 1954லேருந்து சட்டம் இருக்கு. யார் கேக்குறா? சிலருக்குப் பிசின் பட்டாலே தோல் தடிச்சு அரிக்கும். அதை எந்த பாட்டில்லயும் பெரிய எழுத்துல போட்டு நான் பாக்கல.

எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. ஒரு கூட்டுல வருஷத்துக்குத் தேனே சில நூறு கிராம்தான். பிசினுக்காகச் சுவரை இடிச்சு, மரத்தைப் பிளந்து, கூட்டையே வழிச்சு எடுத்துட்டுப் போறாங்க. மத்த தேனீ மாதிரி இது கூட்டமா எழுந்து வேற இடம் ஓடிடாது. வயிறு பெருத்த ராணியால பறக்கவே முடியாது. கூடு போனா குடும்பமே போச்சு. அப்புறம் வெள்ளரிப்பூவுக்கும் தென்னம்பாளைக்கும் எந்த ஈயைக் கூட்டிட்டு வர்றது? ஏற்கனவே உளுந்துக்கு அடிக்கிற மருந்துல பாதி போயாச்சு.

பிசின் கேட்டா நான் இல்லைன்னுதான் சொல்றேன். தேன் வேணும்னா பானையிலயோ மூங்கில்லயோ வளர்க்கிறவங்ககிட்ட வாங்குங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் அதையும் நாக்குல தடவிடாதீங்க.