'அலோ' பட்டனை அழுத்தும் முன் யோசியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "பிரவுசரில் பாப்-அப் தடுப்பான் இருக்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் திரையின் ஓரத்தில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது?"

பாப்-அப் பழைய தொல்லைதான். 1990களின் இறுதியில் ட்ரைபாட் என்ற தளத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மேன் இதற்கான புரோகிராமை எழுதினார். ஆபாசப் பக்கம் ஒன்றில் தன் விளம்பரம் வந்ததைக் கண்டு ஒரு கார் நிறுவனம் பதற, விளம்பரத்தைத் தனி விண்டோவில் காட்டும் வழி பிறந்தது. 2014ல் அவர் இதற்காக மன்னிப்பும் கேட்டார். 2004ல் ஃபயர்பாக்ஸ் 1.0, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஆகியவை பாப்-அப் தடுப்பு வசதியுடன் வெளிவந்தன. இன்றைய பிரவுசர்களில் இவ்வசதி தானாகவே இயங்குகிறது.

எனவே விளம்பரக்காரர்கள் வேறு வாசலைப் பிடித்துவிட்டார்கள். அதுதான் நோட்டிஃபிகேஷன். ஒரு தளம் அனுமதி கேட்கும்போது 'அலோ' பட்டனை அழுத்திவிட்டால், அந்தத் தளத்தை மூடிய பிறகும் செய்திகள் வரும். அவை விண்டோஸ் தரும் எச்சரிக்கை போலவே தோன்றுவதுதான் ஆபத்து. கோத்தகிரியில் என் உறவினர் ஒருவர், பச்சைத் தேயிலை விலை தேடியபோது ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' கொடுத்துவிட்டார். மறுநாள் முதல் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்ற மிரட்டல். பணம் கட்டக் கார்டையும் கையில் எடுத்துவிட்டார். சோதித்ததில் வைரஸ் எதுவும் இல்லை. அனுமதியை நீக்கியதும் மிரட்டல் நின்றது.

குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். வங்கித் தளம் ஏதேனும் பாப்-அப் விண்டோ கேட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தடுப்பானை முழுவதுமாக நிறுத்தாதீர்கள்.

விளம்பரமே கூடாது என்பது என் வாதமல்ல. இலவசத் தளங்கள் பல அதனால்தான் பிழைக்கின்றன. வந்தவர் திண்ணையில் உட்காரலாம், அடுப்படிக்குள் நுழையலாமா? 2023 நவம்பர் 30ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. ஓயாமல் நச்சரிப்பது, விளம்பரத்தை வேறொன்றாக வேடமிட்டுக் காட்டுவது, வைரஸ் என்று பயமுறுத்துவது ஆகியவை அதில் அடங்கும். ஆனால் எங்கிருந்தோ இயங்கும் பெயர் தெரியாத தளத்தைச் சட்டம் எட்டிப் பிடிப்பது எளிதல்ல. ஆகவே, கம்ப்யூட்டரை விற்பவர்களே நோட்டிஃபிகேஷனை நிறுத்திவைத்துத் தர வேண்டும் என்பேன். இரண்டு நிமிட வேலை. அவர்கள் செய்யாவிட்டால் நீங்கள் இன்றே செய்துவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பிரவுசரில் தோன்றும் வைரஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் அது மோசடியே. பணம் பறிபோயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.