உயிர் மீண்ட பிள்ளைகளும் தேகாப்பியாசமும்

பள்ளிக்கூடத்தில் தேகாப்பியாச மணி அடித்ததும் பிள்ளைகள் யாவரும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். ஒருவன் மட்டும் வேப்ப மரத்தடியில், மற்றவர்களுடைய செருப்புகளுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறான். அவன் குற்றம் ஒன்றும் செய்தவனல்லன். நான்கு வருஷங்களுக்கு முன் ரத்தப் புற்று நோய் கண்டு, இரண்டரை வருஷம் மருந்துண்டு, யமன் வாயினின்றும் மீண்டவன். 'இவனை ஓட விட வேண்டாம்' என்று தகப்பனார் எழுதிய கடிதம் உபாத்தியாயரின் மேஜையில் இருக்கிறது. உபாத்தியாயருக்கும் அது சௌகரியமாகவே இருக்கிறது. இத்தகைய பிள்ளைகள் நம் நாட்டில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பி, தக்க பரிசோதனையின் பேரில், மைதானத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம்.

இப்பிள்ளைகள் பிழைத்த வரலாற்றில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ், மகாத்மாவின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்தமையால், ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே பெற்றார். அமெரிக்கா சென்ற அவர், தம் சகாக்களுடன் ஆராய்ந்து உண்டாக்கிய அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டே, பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948-ல் ரத்தப் புற்று நோய் கொண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததைக் கண்டு வெளியிட்டார். அதற்கு முன் அந்நோய் கண்ட குழந்தைக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே 1948-ல் சுப்பாராவ் காலமானார். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. சென்னையில், தம் சகோதரியைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடா முயற்சியால் 1954-ல் அடையாற்றில் ஆஸ்பத்திரி எழுந்ததும் நேயர்கள் அறிந்ததே.

உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 லட்சம் சிறுவர் சிறுமியரும் இளைஞரும் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. செல்வ நாடுகளில் அவர்களில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவர் குணமடைகின்றனர். பல ஏழை நாடுகளில் 30 பேருங்கூட இல்லை. 2030-க்குள் எல்லா நாடுகளிலும் குறைந்தது 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018-ல் அந்த ஸ்தாபனம் ஓர் இலக்கு வைத்தது. நல்லது. ஆனால் பிழைத்த பின் அவர்கள் எவ்விதம் வாழ்வார்கள் என்ற கேள்வியை நம் நாட்டில் எத்தனை பேர் கேட்கின்றனர்?

நோயைக் கொல்லும் மருந்து உடலையும் சிறிது கொல்லாமல் விடுவதில்லை. வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்குவதால் சில பிள்ளைகள் பாதத்தைத் தூக்க மாட்டாமல் இழுத்து நடக்கிறார்கள். ஸ்டிராய்டு மருந்துகள் தசையை உருக்கி எலும்பைத் துளை விழச் செய்கின்றன. டாக்ஸோருபிசின் போன்றவை ஹிருதயத்தின் தசையைப் பலவீனப்படுத்துகின்றன. அதன் பலன் பத்து இருபது வருஷங்கள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு. அமெரிக்காவில் 1970-க்கும் 1986-க்கும் இடையில் இளம் பிராயத்தில் புற்று நோய் கண்டு பிழைத்த 10,397 பேரை ஆராய்ந்து 2006-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சராசரி வயது இருபத்தேழுகூட ஆகாத அவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட வியாதி இருந்தது. ஹிருதயம் செயலிழக்கும் அபாயம் அவர்களுக்கு அவர்களுடைய உடன்பிறந்தாரைவிட 15 மடங்கு அதிகமாயிருந்தது. மணம் புரிந்து தொழில் தொடங்கும் வயதில் ஹிருதய நோயாளியாவதற்காகவா அத்தனை ஊசிகளையும் பொறுத்தார்கள்?

இந்த நஷ்டத்தை அவ்வளவும் ஈடு செய்ய ஒரு மருந்தும் இல்லை. ஆயினும் அதைக் குறைக்கக் கூடியதென வைத்தியர்கள் இன்று பெரிதும் நம்புவது தேகாப்பியாசத்தையே. தசை உழைத்தால்தான் வளரும். எலும்பு பாரம் தாங்கினால்தான் இறுகும். சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்ற பின்னும் பிள்ளைகளை வாட்டும் அந்த விசித்திரமான களைப்பு, படுத்திருப்பதனால் தீருவதன்று. பெரும்பாலும் வளரவே செய்கிறது. 2018-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், குழந்தைப் பருவத்தில் நோய் கண்டு வாலிபமடைந்த 15,450 பேரில், எட்டு வருஷ காலத்தில் தேகப் பயிற்சியை அதிகப்படுத்திக் கொண்டவர்களின் மரண விகிதம், பயிற்சியின்றியே இருந்தவர்களைவிட நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருந்தது.

இவ்வாறு எழுதுகையில் ஒன்றை மறைப்பது நேர்மையன்று. நல்ல உடலுள்ளவனே ஓட முடியும். ஆகவே ஓட்டத்தினால் உடல் நன்றாயிற்றா, உடல் நன்றாயிருந்ததனால் ஓடினானா என்று குறுக்கு விசாரணை செய்ய இடமுண்டு. குழந்தைகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மட்டும் பயிற்சியளித்துப் பார்த்த ஆராய்ச்சிகள் சொற்பம். 2016-ல் இவற்றைச் சலித்தெடுத்த நிபுணர்களுக்கு ஆறு மட்டுமே அகப்பட்டன, அவையும் சிறியவை. சாட்சியம் பூரணமாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எதிர்த் தரப்புக்கு, அதாவது உட்கார்ந்தேயிருப்பதற்கு, என்ன சாட்சியம் உண்டு? பயத்தைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விழித்திருந்த தாய், மகன் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும் நடுங்குவாள். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டியவர் வைத்தியர். 'ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்ளுங்கள்' என்ற ஒரு வாக்கியத்துடன் அவளை அனுப்பி விடுவது போதாது. முதலில் எக்கோ பரிசோதனையால் ஹிருதயத்தின் நிலையை அறிய வேண்டும். எலும்புப் புற்றுக்காக முழங்காலில் உலோக மூட்டு வைக்கப்பட்ட பெண் குதிக்கலாகாது; ஆனால் நீந்தலாம். ஹிருதயம் தளர்ந்தவன் பெரும் பாரம் தூக்கலாகாது, ஆனால் நடக்கலாம். பாதம் இழுப்பவனுக்கு முதலில் குதிகாலை நீட்டும் பயிற்சியும், ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் வேண்டும். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷமாவது உடல் உழைக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் விதித்தது. நம் பிள்ளை பத்து நிமிஷத்தில் தொடங்கட்டும். வாரந்தோறும் சிறிது கூட்டட்டும். இவற்றை அறிந்து சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே விஷயம்.

கனடா நாட்டு வாலிபர் டெர்ரி ஃபாக்ஸ், எலும்புப் புற்றினால் வலக் காலை இழந்தும், 1980-ல் பொய்க்காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோ மீட்டர் ஓடினார். அவரை நாம் வணங்குகிறோம். ஆனால் நாம் கேட்பது வீரர்களையல்ல. சாதாரணப் பையன் சாயங்காலம் அரை மணி நேரம் கபடி ஆடுவதையே.

ஏழை நாட்டில் மருந்துக்கே பணமில்லை, இதற்கு எங்கே போவது என்று கூறுவோரும் உண்டு. ஜெர்மனியில் உள்ளது போல் குழந்தைப் புற்று நோய் வார்டுகளில் பயிற்சி யந்திரங்களையும் நிபுணர்களையும் ஒரே நாளில் அமர்த்தும்படி நாம் சொல்லவில்லை. ஒரு பந்து, ஒரு கயிறு, ஒரு சிலம்பக் கழி, நிழலுள்ள ஓரிடம், பயிற்சி பெற்ற ஒருவர் - இவற்றுக்கு ஒரு புட்டி மருந்தின் விலை ஆகாது. பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தனிப் பிரிவு 1991-லேயே தொடங்கப்பட்டது. அத்தகைய பிரிவு ஒவ்வொரு ராஜ்யத்திலும் இருந்தால், அதில் தேகாப்பியாசத்துக்கு ஓர் அறை ஒதுக்குவது பிரம்ம வித்தையல்ல.

சட்டத்தின் நிலையும் விசித்திரமானது. 2018-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டம், ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்காக ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. பிள்ளை படுக்கையை விட்டு எழுந்து, பின்னர் வாராவாரம் பயிற்சிக்கு வந்து போனால் அந்தப் பை திறப்பதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. அந்த மைதானத்தில் நம் பிள்ளைக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் விளையாட்டில் பங்கு பெறச் செய்வதை சர்க்காரின் கடமையாக்குகிறது. காலிழந்த பிள்ளை அதில் அடங்குவான். ஹிருதயம் தளர்ந்த பிள்ளையோ அச்சட்டம் கூறும் 21 வகைகளுள் ஒன்றிலும் இல்லை. உயிரைக் காக்க லட்சம் செலவிடும் சர்க்கார், அவ்வுயிர் நிமிர்ந்து நடக்க நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பது என்ன சிக்கனமோ நாம் அறியோம்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சுகாதார மந்திரியும் கல்வி மந்திரியும் சேர்ந்து வெளியிடும் ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பிள்ளை ஒவ்வொருவனிடமும், எது செய்யலாம், எது கூடாது, எப்பொழுது மறுபடியும் ஹிருதயத்தைச் சோதிக்க வேண்டும் என்று தமிழில் எழுதிய சீட்டொன்று வைத்தியர் கையெழுத்துடன் கொடுக்கப்பட வேண்டும். அதன் பிரதி தேகாப்பியாச உபாத்தியாயருக்குப் போக வேண்டும். உபாத்தியாயர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே சில நாட்கள் பயிற்சியளிக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறப்பதற்குள் இது முடியக் கூடிய காரியமே. சர்க்கார் அசையும் வரையில் தகப்பன்மார் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனைக்குச் செல்லும் நாளில் 'என் பிள்ளை என்ன விளையாடலாம்?' என்று டாக்டரைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொண்டு வரும்படி வேண்டுகிறோம்.