திருவாதிரை வெடித்தால் மாத்தளை அதிருமா?

மாசி மகத் தேர்த் திருவிழா நாட்களில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியில் நின்று முன்னிரவில் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் செந்நிறமாய்த் தெரிவது திருவாதிரை. மாத்தளை நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7.5 பாகையில் இருக்கிறது. வானத்து நடுக்கோட்டுக்கு வடக்கே அந்த நட்சத்திரம் இருப்பது 7.4 பாகையில். வேறெந்தப் பிரகாசமான நட்சத்திரமும் இவ்வளவு நேராக நம் தலைக்கு மேல் வருவதில்லை.

2019 இறுதியில் அது மங்கியபோது கிளம்பிய பேச்சு இன்னும் ஓயவில்லை. வெடிக்கப்போகிறதாம், அதன் கதிர் நம்மைப் பொசுக்குமாம், அண்டவெளியையே நெளியவைக்கும் ஈர்ப்பலை மலைகளைச் சரிக்குமாம். மண்சரிவு பயத்தோடு வாழும் ரத்தோட்டைத் தோட்டத்து மக்களிடம் இதைச் சொல்வது அநியாயம்.

மங்கியதற்குக் காரணம் தூசி. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது. சில மாதங்களில் விலகியது. அது ஒருநாள் வெடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இன்னும் ஒரு இலட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதே பெரும்பாலோர் கணிப்பு.

கதிருக்கு வருவோம். கரு சரிந்து வெடிக்கும் நட்சத்திரமெல்லாம் காமாக் கதிர் வெடிப்பைத் தருவதில்லை. நட்சத்திரம் மிக வேகமாகச் சுழல வேண்டும். வெளிப்புற ஐதரசனை முன்பே இழந்திருக்க வேண்டும். அப்போதுதான் கரு சரிகையில் துருவங்கள் வழியே பீறிடும் தாரை, ஒளிவேகத்தை நெருங்கி, வெளியே துளைத்து வரும். அது நம்மை நோக்கியும் இருக்க வேண்டும். திருவாதிரையோ சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கும் அளவுக்கு ஐதரசனால் ஊதிப்போயிருக்கிறது. உள்ளே தாரை பிறந்தாலும் அங்கேயே அடங்கிவிடும். சூப்பர்நோவா எனப்படும் சாதாரண நட்சத்திர வெடிப்பு நமக்குத் தீங்கு செய்ய, சில பத்து ஒளியாண்டுகளுக்குள் நடக்க வேண்டும். திருவாதிரையோ 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால்.

ஈர்ப்பலை மலையைச் சரிக்கும் என்பது எல்லாவற்றையும்விட மோசமான பிழை. வெடிக்கும் நட்சத்திரத்தின் இரும்புக் கரு ஒரு செக்கனுக்குள் இடிந்து விழுகிறது. வெளியாகும் ஆற்றலில் 99 சதவீதத்தை நியூட்ரினோக்கள் கொண்டுபோய்விடும். சரிவு முழுச் சமச்சீராக நடந்தால் ஈர்ப்பலையே எழாது. கோணலாய்க் குமுறும் பகுதியிலிருந்து மட்டுமே எழும். அந்த அலையால் பூமியின் 12,700 கிலோமீற்றர் விட்டமும் ஓர் அணுவின் அகலத்துக்குக் குறைவாகவே நெளியும்.

2015 செப்டெம்பர் 14இல் முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பலை இரு கருந்துளைகள் இணைந்ததால் வந்தது. 2017 ஆகஸ்ட் 17இல் காமாக் கதிரோடு வந்தது இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால். சரியும் ஒற்றை நட்சத்திரத்தின் ஈர்ப்பலையை எந்தக் கருவியும் இன்னும் பிடிக்கவில்லை.

நம் மலைகளைச் சரிப்பது கனமழையும் கண்டபடி வெட்டிய சரிவுகளும்தான். திருவாதிரைச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அழித்துவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எல்லோருக்கும் அனுப்புங்கள்.