வேலிக்காத்தான் மட்டும்தான் வில்லனா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சீமைக்கருவேலத்துக்கு வேலிக்காத்தான் என்று பெயர். நிலத்தடி நீரைக் குடிக்கும் அந்நிய மரம் என்று அதைத் திட்டாத கட்சி மேடை இல்லை. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம்தான். ஆனால் அது தானாக வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். பிறகு விறகுப் பஞ்சம் தீர்க்க நம் அரசாங்கமே விதைத்துப் பரப்பியது.

அந்த விறகு எரிந்தது யார் அடுப்பில்? ஊர்க்காரர் கொல்லையில் சுள்ளி பொறுக்கினால் நமக்கு வசவும் அடியும்தான். புறம்போக்கில் நின்ற இந்த முள்மரத்துக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. அதனால் அது சேரிக்கு விறகானது, ஆட்டுக்குத் தீனியானது, இருளர் குடும்பங்களுக்குக் கூலியானது.

இதற்காக மரத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. ஏரியையும் வாய்க்காலையும் அது அடைத்துக்கொள்கிறது. மற்ற செடிகளை வளர விடுவதில்லை. கரிமூட்டத்திலும் விறகு வெட்டிலும் முன்பணம் கொடுத்து இருளர்களைக் குடும்பத்தோடு கொத்தடிமையாக்கியதும் இதே மரத்தை வைத்துத்தான். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்த பிறகும் அது நடந்தது. அந்தக் குற்றம் மரத்துடையதா, முதலாளியுடையதா?

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டு சென்னையில் தலைமை அமர்வு அதற்குத் தடை விதித்தது. 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்ற அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இத்தனையிலும் முக்கியமான கேள்வி அடிபட்டுப் போனது: வெட்டிய மரம் யாருக்கு? வெறுமையான நிலம் யாருக்கு?

மேலே வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஆடுமாடு தின்று போடும் சாணத்திலிருந்து விதை முளைக்கும். வேரோடு பிடுங்கி, அந்த இடத்தை யாராவது உழுது பயிர் வைத்தால்தான் மரம் திரும்பாது. சும்மா ஏலம் விட்டால் காண்ட்ராக்டருக்கு மட்டுமே விளைச்சல்.

உழுவதற்கு ஆள் இருக்கிறோம். 1892இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். முள் மண்டிக் கிடக்கும் பஞ்சமி நிலத்தை அளந்து கல் நட்டு, நிலமற்ற தலித், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுங்கள். ஏரியில் வெட்டும் மரத்தில் முதல் உரிமையை இருளர், தலித் பெண்கள் குழுக்களுக்குக் கொடுங்கள். சட்டப்படி கூலி கொடுங்கள், முன்பணம் என்ற கண்ணி வேண்டாம்.

நூறு வருடத்துக்கும் முன்பே வந்த மரத்தை அந்நியம் என்று பிடுங்கத் துடிக்கிறவர்கள், பஞ்சமி நிலத்தில் வேர்விட்டிருக்கும் ஆக்கிரமிப்பை எப்போது பிடுங்கப்போகிறார்கள்?