மருத்துவக் காளான்: முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்



கடந்த மாதம் ஒரு விவசாயி அலைபேசியில் அழைத்தார். ஐந்து வருடமாகச் சிப்பிக் காளான் வளர்ப்பவர். "சார், சிப்பியை விட்டுட்டு மருத்துவக் காளானுக்கு மாறலாம்னு இருக்கேன். வித்து அவங்களே கொடுத்து, விளைஞ்சதை அவங்களே எடுத்துக்கறாங்களாம். கிலோ லட்ச ரூபாயாம். முன்பணம் மட்டும் கட்டணும்" என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்த ஆட்கள் கொடுத்த காளான் பொடியைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவருடைய மாமனார் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாராம். முன்பணத்தைவிட இதுதான் எனக்குக் கவலை தந்தது. மாமனாரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன்.

கொரோனாவுக்குப் பிறகு 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லுக்கு நல்ல சந்தை. கேனோடெர்மா, கார்டிசெப்ஸ் என்ற பெயர்கள் வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராக வருகின்றன. இவை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் விலைக் கணக்கு தானாகவே விளங்கும்.

காளான்களில் பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் இது நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகிறது. இது உண்மை. ஜப்பானில் ஒரு மரக் காளானிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்ற மருந்துக்கு 1977-இல் அனுமதியே கிடைத்தது. ஆனால் அது ஆலையில் சுத்திகரித்து, அளவு நிர்ணயித்து, புற்றுநோய் சிகிச்சைக்குத் துணையாக மருத்துவர் கொடுத்தது. காயவைத்து மிக்ஸியில் அரைத்த பொடியை அதனோடு ஒப்பிட முடியாது.

சர்க்கரை நோய்க்கு வருவோம். உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, 2015-இல் கேனோடெர்மாவை எடுத்துக்கொண்டது. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்க இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே முடிவு. இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தப் பொடியோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேனோடெர்மா நமக்குப் புதியதல்ல. தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குவது இதே இனத்துப் பூஞ்சைதான். மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்து, பிறகு அரைவட்டத் தட்டு போல, மெழுகு பூசிய பளபளப்போடு முளைக்கிறதே, அதுதான். மருந்து என்று பறித்துக் கஷாயம் வைக்காதீர்கள். அது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மரத்துக்கு நீங்கள் வேர் வழியாகப் பூசணக்கொல்லி கட்டியிருக்கவும் கூடும். தட்டு முளைத்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். சுற்றியுள்ள மரங்களைக் காப்பாற்றுவதே அடுத்த வேலை. மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வையுங்கள். நோயுற்ற மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்துங்கள். யாராவது கேனோடெர்மா வளர்த்த பழைய பைகளை எருவுக்குத் தந்தால் தோப்புக்குள் விடாதீர்கள்.

இனி அந்த லட்ச ரூபாய். இமயமலையில் புழுவின் உடலில் முளைக்கும் கீடா ஜடி என்ற காளானுக்கு உண்மையிலேயே பெரிய விலை உண்டு. நம்மிடம் ஜாடியில் வளர்க்கச் சொல்வது கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம். அதன் விலையை இதற்குச் சொல்கிறார்கள். இதற்குக் கிருமி நீக்கிய ஆய்வுக்கூடம், 20 டிகிரியை ஒட்டிய குளிர் அறை, தினமும் விளக்கு வெளிச்சம் எல்லாம் வேண்டும். வைக்கோல் குடிலில் வராது. தாய் வித்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் காளான் முளைக்கும் திறனும் குறைந்துவிடும். அப்போது "உங்கள் விளைச்சல் தரமில்லை" என்று வாங்குபவர் கையை விரித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தரத்தை எந்த ஆய்வகம் சோதிக்கும், மறுத்தால் முன்பணம் திரும்புமா என்பது பத்திரத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

நீங்கள் ஏற்கெனவே வளர்க்கும் சிப்பியும் பால் காளானும் மட்டமல்ல. பீட்டா குளுக்கான் அவற்றிலும் இருக்கிறது. புரதம் உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. பறித்த காளானை மடிப்புப் பக்கம் மேலே தெரிய, நண்பகல் வெயிலில் கால் மணி நேரம் வைத்தால் வைட்டமின் டி கூடும். நிழலில் வளரும் காளானில் அது சொற்பமே. செலவில்லாத வேலை, வீட்டுக்குச் சமைக்கும்போதும் செய்யலாம். சிப்பிக் குடிலுக்குள் மட்டும் முகக்கவசம் போடுங்கள். வித்துத் தூள் மூச்சில் போய் இருமலும் சளியுமாகப் படுத்தும், சிலருக்கு நுரையீரலையே பாதிக்கும்.

விற்கும்போது பாக்கெட்டில் புரதம், நார்ச்சத்து என்று போடலாம். 'சர்க்கரை குணமாகும்', 'புற்றுநோய் தீரும்' என்று அச்சடித்தால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை உங்கள் பெயரில் பகிர்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மருத்துவக் காளான் வளர்த்தே பார்க்க வேண்டும் என்றால் முதலில் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுங்கள். ஒப்பந்தப் பத்திரம் ஏதாவது கையில் இருந்தால் கையெழுத்துப் போடுமுன் அதையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.