கம்பின் பசுங்கதிர் நோயும் கூட்டாராய்ச்சியில் குடியானவரின் பங்கும்

புஞ்சையில் கம்பு பயிரிடும் நிலச்சுவான்தார்களிடையே ஓர் எண்ணம் வெகுநாளாய் ஊறியிருக்கிறது. புதிய விதையைக் கண்டுபிடிப்பது சர்க்கார் பண்ணையின் வேலை. அதை வாங்கி விதைப்பது குடியானவரின் வேலை. இவ்விரண்டுக்கும் இடையே செய்யவேண்டியது யாதொன்றுமில்லை என்பதே அவ்வெண்ணம். வேறு பயிர்கள் விஷயத்தில் இது ஒருவேளை பொருந்தலாம். கம்பின் விஷயத்தில் இது முற்றிலும் பிசகானது என்பதையும், இப்பிசகினால் முதலில் நஷ்டமடைகிறவர் குடியானவரே என்பதையும் சென்ற அறுபது வருஷ அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது.

அடிச்சாம்பல் நோய் என்றும், கதிரைப் பற்றும்போது பசுங்கதிர் நோய் என்றும் வழங்கும் வியாதியை அறியாத கம்புக் குடியானவர் இலர். இளம் பயிரின் இலை அடியிலிருந்து வெளிறி மஞ்சளாகும். ஈரமுள்ள இரவு கழிந்த விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்மாவு தூவினாற்போல் பூசணம் படர்ந்திருக்கும். சில பயிர்கள் குட்டையாகிக் கதிர் விடாமலே மடியும். கதிர் விட்டவற்றில் மணி இருக்கவேண்டிய இடத்தில் சிறு சிறு பச்சை இலைகள் முளைத்துக் கதிர் முழுவதும் துடைப்பம்போல் ஆகிவிடும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது இதைவிட முக்கியமானது. வெண்பூசணத்தில் உண்டாகும் நுண்ணிய வித்துக்கள் காற்றில் பறந்து அயற்பயிரைப் பிடிக்கும்; வெயில் ஏறியதும் மடிந்துவிடும். ஆனால் நோய்ப்பட்ட இலை காய்ந்து நார் நாராய்க் கிழியும்போது கெட்டித் தோலுடைய வேறொருவகை வித்துக்கள் மண்ணில் உதிர்கின்றன. அவை பல வருஷம் மண்ணிலேயே உயிரோடு கிடந்து, மறுபடியும் கம்பு விதைக்கும்போது இளம் நாற்றைப் பற்றிக்கொள்கின்றன. பிடுங்காமல் விட்ட ஒரு நோய்ப்பயிர் அந்த நிலத்தின்மேல் எழுதிவைத்த கடனுக்குச் சமானம்.

1965-ம் வருஷத்தில் லூதியானாவில் டாக்டர் ஆத்வாலின் முயற்சியால் ஹெச்.பி.1 என்னும் வீரிய ஒட்டுக் கம்பு வெளிவந்தது. அதன் தாய், அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்பவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வரிசை. விளைச்சலில் அது பழைய நாட்டுக் கம்பை வெகுவாக விஞ்சியது, இதை மறுப்பதற்கில்லை. அதே தாயைக் கொண்டு ஹெச்.பி.3 முதலிய ஒட்டுக்களும் வந்து வடக்கே பரவின. 1970-71ல் இந்நாட்டின் கம்பு மகசூல் சுமார் 80 லட்சம் டன்னை எட்டியது. அதை அடுத்து, 1971 முதல் அடிச்சாம்பல் நோய் இவ்வொட்டுக்களின்மேல் பாயத் தொடங்கிற்று. 1974-75ல் மகசூல் சுமார் 33 லட்சம் டன்னாக விழுந்தது. அவ்வருஷம் மழையும் பொய்த்தபடியால் வீழ்ச்சி முழுவதையும் நோயின் தலையில் சுமத்துவது நியாயமன்று. எனினும், நல்ல விதை என்று பெயரெடுத்தது சில வருஷங்களுக்குள் குடியானவரைக் கைவிட்டது என்பது மறைக்கக்கூடிய விஷயமன்று.

இதற்குக் காரணம் யாது? கம்பைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் அமெரிக்கக் கண்டத்தில் கிடையாது. ஆகவே அங்கே பிறந்த தாய் வரிசை, தான் ஒருநாளும் காணாத எதிரியின் நடுவே வந்து நின்றது. டிஃப்டனில் உழைத்தவர்களுக்கு இதை அறியும் வழியே இல்லை. அவர்கள்மேல் குறை கூறுவது தகாது. மேலும், நாட்டுக் கம்பு அயல்மகரந்தத்தால் கலந்து கலந்து வந்த பயிர். ஒரு செடியைப்போல் மறு செடி இராது. நோய் வந்தால் சிலவற்றைக் கொண்டுபோகும், சிலவற்றை விட்டுவைக்கும். வீரிய ஒட்டிலோ ஒரு செடி இளகினால் எல்லாச் செடியும் இளகும்; ஒரு ஜில்லா இளகினால், அதே விதை விதைத்த மற்ற ஜில்லாக்களும் அவ்வழியே போகும். பின்னர் வந்த பி.ஜே.104 என்னும் ஒட்டும் சில வருஷம் நன்றாக ஓடி, 1980-களின் நடுவில் இதே நோய்க்கு இரையாயிற்று.

ஒரே நிலையத்தில் ஒருவர் தனித்திருந்து செய்யும் ஆராய்ச்சி இங்கே செல்லாது என்பது இதனால் விளங்கும். அகில இந்திய ஒருங்கிணைந்த கம்பு அபிவிருத்தித் திட்டம் 1965ல் ஏற்பட்டது. 1972ல் ஐதராபாத்துக்கருகே பட்டான்செருவில் இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே கையாண்ட முறை விநோதமானது. நோய்க்கு எளிதில் இரையாகும் கம்பை முன்கூட்டியே வரிசை வரிசையாக விதைத்து, அதில் நோயை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வரிசைகளின் நடுவே சோதிக்கவேண்டிய விதைகளை விதைப்பார்கள். இத்தகைய வயலைக் காணவரும் குடியானவர்களிற் சிலர், "எங்கள் ஊர்க் கம்பே இதைவிட மேல்" என்று நகைத்துப் போவதுண்டு. அந்த வயலில் சாகாமல் நிற்கும் நாலு செடிகளுக்காகவே அத்தனையும் சாகவிடப்படுகின்றன என்று எடுத்துச் சொன்னால் நகைப்பு அடங்கும்.

இத்துடன், ஒரே விதைத் தொகுதியை இந்தியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் விதைத்துப் பார்த்தபோது ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. பூசணம் எல்லா ஊரிலும் ஒன்றன்று. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் விதை மற்றோரிடத்தில் முழுதும் மடிகிறது. ஒரே விதை பல வருஷம் தொடர்ந்து நின்ற சீமையில் பூசணமும் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது.

கூட்டு முயற்சியின் பயனுக்கு இரண்டு உதாரணம் போதும். நைஜீரியாவில் திரட்டிய உலகக் கலவை என்ற கூட்டு விதையிலிருந்து தேர்ந்தெடுத்து 1982ல் வெளியிட்ட டபிள்யூ.சி.சி.75 ஒன்று. அது ஒட்டன்று, கலப்பு ரகம். செடிக்குச் செடி வேற்றுமை அதில் உண்டு. பரவலாகப் பயிரான பின்பும் அடிச்சாம்பல் அதை எளிதில் வீழ்த்தவில்லை. மற்றொன்று ஹிசார் விவசாயப் பல்கலைக்கழகம் 1990ல் வெளியிட்ட ஹெச்.ஹெச்.பி.67. சுமார் 65 நாளில் அறுவடைக்கு வரும் இந்த ஒட்டு, மழை குறைந்த ஹரியானா, ராஜஸ்தான் குடியானவர்களுக்கு உயிர்த்துணையாயிருந்தது. அதுவும் நோய்க்கு இளகும் குறி தோன்றியபோது, ஹிசார் பல்கலைக்கழகமும் இக்ரிசாட்டும் பிரிட்டிஷ் ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்து, அதன் தந்தை வரிசைக்குள் நோய் தாங்கும் குணத்தை வேறொரு கம்பிலிருந்து கொண்டுவந்தன. வேற்றினத்துக் குணத்தைப் புகுத்திய விதை என்று சிலர் இதனைத் தவறாய் எண்ணுகின்றனர். கம்போடு கம்பைச் சேர்த்ததே அன்றி வேறில்லை. வேண்டிய குணம் இறங்கியிருக்கிறதா என்பதை நாற்றின் ஒரு துண்டு இலையைச் சோதித்து மரபணு அடையாளத்தால் அறிந்தபடியால் காலம் மிச்சமாயிற்று. திருத்திய ஹெச்.ஹெச்.பி.67 என்ற பெயருடன் அது 2005ல் வெளிவந்தது.

ஆனால் இத்தனை நிலையங்கள் கூடினும், பூசணத்தின் புதிய சாதி முதன்முதல் தோன்றும் இடம் ஆராய்ச்சி நிலையமன்று. யாரோ ஒரு குடியானவரின் புஞ்சையிலேதான் அது தோன்றுகிறது. அங்கிருந்து செய்தி ஆராய்ச்சிக்காரரிடம் போய்ச் சேருவதற்குள் இரண்டு மூன்று போகம் வீணாய்க் கழிகிறது. நிலத்துக்காரர் தமது வயலில் நோயென்று சொன்னால் ஊரார் இளக்காரமாய்ப் பேசுவர் என்று மறைக்கிறார். விதைக்காகக் கம்பு பயிரிடுகிறவர் விலை போகாதென்று மறைக்கிறார். கிராம அதிகாரியோ, மகசூல் குறைந்த வயலுக்கு எதிரே வறட்சி என்று எழுதிவிடுவது சுலபமென்று எழுதிவிடுகிறார். பருவம் தவறிய வருஷத்தில் அது பாதி உண்மையாகவும் இருந்துவிடுகிறது. இந்தப் பாதி உண்மையே மிகவும் கெடுதல் செய்கிறது. அடங்கலில் கம்பு என்று எழுதும்போதே எந்த ரகம், நூற்றில் சுமாராக எத்தனை செடி பசுங்கதிர் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்துக்கொண்டால், எந்த விதை எந்தத் தாலுகாவில் இளகத் தொடங்கியதென்பது அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும்.

குடியானவர் நிலத்தில் வைக்கும் பரீட்சை வயல்களின் நிலைமையும் திருப்தியாயில்லை. புதிய விதைக்குப் பக்கத்தில் பழைய விதையையும் ஒரே எரு, ஒரே களையெடுப்புடன் விதைத்து ஒப்பிட்டாலன்றி அந்தப் பரீட்சைக்கு அர்த்தமில்லை. சிலர் உவர் பிடித்த மூலையைக் காட்டி அதில் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். சிலர் அதிக சிரத்தையினால் புதிய விதைக்கு மாத்திரம் இரண்டு வண்டி எரு கூடுதலாய்ப் போடுகிறார்கள். இன்னும் சிலர் இலாகாவின் மனம் கோணக்கூடாதென்று பழைய விதையின் மகசூலைக் குறைத்தே சொல்கிறார்கள். இந்த மரியாதை உவர் மூலையைவிட அதிக சேதம் விளைவிக்கும். தோற்ற விதையைத் தோற்றது என்று உரக்கச் சொல்லும் நிலத்துக்காரரே இலாகாவுக்கு வேண்டியவர்.

இலாகாவின் பேரிலும் குறையில்லாமலில்லை. அறுவடையன்று எடை பார்த்துப் போனவர்கள் முடிவு இன்னதென்று திரும்பிவந்து சொல்வது அபூர்வம். பல ஊர்களின் முடிவைச் சேர்த்து அடுத்த விதைப்புக்கு முன் கிராமச் சாவடியில் படித்துக் காட்டவேண்டும். வென்றவற்றை மட்டும் அச்சிட்டுத் தோற்றவற்றை அலமாரியில் பூட்டுவது கூடாது. நோய் தாங்கும் சக்தியை அறிய, மருந்திடாத விதையை ஒரு பாத்தியில் விதைக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பாத்தியின் நஷ்டத்தைக் குடியானவர் தலையில் கட்டுவது எவ்விதத்திலும் நியாயமாகாது. அதற்குரிய தொகையை முன்னதாகவே பேசி முடிவுசெய்து கொடுக்கவேண்டும். நாலு ஏக்கர் உள்ளவரை நாடுவதற்கு முன் நாற்பது ஏக்கர் உள்ளவரை நாடுவதும் உசிதம்.

மெட்டலாக்சில் மருந்தைக் கிலோ விதைக்கு 6 கிராம் கலந்து விதைத்தால் போதுமே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவருமுண்டு. மருந்து இளம் பருவத்தில் காக்கிறது. அதைக் கைவிடும்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய் இதே மருந்துக்கு அஞ்சாத நிலையை 1980லேயே அடைந்துவிட்டது. மருந்தொன்றையே நம்பினால் கம்பிலும் அப்படி நேராது என்பதற்கு யார் பிணை? கம்பின் பரப்பே குறைந்துவருகிறபோது செலவு ஏன் என்பது இன்னொரு ஆட்சேபம். மழை தப்பிய மணற்பாங்கான மேட்டுப்புஞ்சையில் கம்பைத் தவிர்த்து என்ன விளையும் என்று ஆட்சேபிக்கிறவரே சொல்லட்டும். தானியத்தோடு மாட்டுக்குத் தட்டையும் அதிலிருந்தே வரவேண்டியிருக்கிறது.

வரும் பட்டத்தில் கம்பு விதைக்கிறவர்கள் 20-ம் நாளிலிருந்து 45-ம் நாள் வரை வாரம் ஒருமுறை விடியற்காலையில் வயலைச் சுற்றிவருவது நலம். வெளிறிய செடியை, இலை காய்ந்து கிழியுமுன் வேரோடு பிடுங்கி எரித்துவிடவேண்டும். நடவுக் கம்பாயின் நோய்ப்பட்ட நாற்றை நாற்றங்காலிலேயே கழித்துவிடலாம். நோய் தாங்கும் என்று வாங்கிய விதையில் நோய் கண்டால், எரிக்குமுன் சில இலைகளை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட்டு விவசாய விஸ்தரிப்பு நிலையத்தில் சேர்ப்பிக்கவேண்டும். உறையின்மேல் கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், ரகத்தின் பெயர், விதைத்த தேதி, விதைக்கு மருந்து கலந்ததா இல்லையா என்ற விவரம், அதற்கு முந்திய போகத்தில் அந்நிலத்தில் விளைந்தது என்ன என்பவை எழுதப்பட்டிருக்கவேண்டும்.