சாம்பலுக்கும் தண்ணீருக்கும் நடுவே

"படம் சோகையாக இருக்கிறது, ஸார். கான்ட்ராஸ்ட் போதாது" என்று சொல்லி, என் நண்பர் பிளாட்டினப் பிரதியை ஒதுக்கிவிட்டு, ஸில்வர் தாளில் போட்ட பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர், படம் பார்த்துப் பழகிய கண். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

காத்திவாக்கத்து உப்பங்கழியில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறாள் ஒரு பெண். நெகடிவ் ஒன்றுதான், பிரதி இரண்டு. ஸில்வரில் அவள் கரிக்கட்டை, வானம் சுண்ணாம்பு. 'பளிச்'சென்றுதான் இருக்கிறது. ஆனால் அவளைச் சுற்றி இருப்பது தண்ணீரா, சேறா, சாம்பலா என்று கேட்டால் அந்தப் படம் வாய் திறக்காது. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின் நிலையம் புகைந்த இடம் இது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலும் இந்தக் கழியில்தான் வந்து படிந்தது. இங்கே சாம்பல் நிறத்திலேயே பத்து வகை உண்டு. அதைப் பிரித்துக் காட்டாத படம் இந்த ஊர்ப் படமே அல்ல.

பிளாட்டினத்தில் கான்ட்ராஸ்ட் இல்லை என்பதே தப்பு. சாதாரண ஸில்வர் தாள் தாங்காத கடுமையான நெகடிவ்தான் அதற்கு வேண்டும். இருட்டிலிருந்து வெளிச்சம்வரை உள்ள படிகளை ஒவ்வொன்றாக அது ஏறுகிறது. அதே நெகடிவை ஸில்வரில் போட்டால் இரண்டு ஓரத்துப் படிகளும் இடிந்துவிடுகின்றன. மென்மையான நெகடிவ் எடுத்தால் ஸில்வரிலும் வராதா என்பீர்கள். வரும், கெட்டிக்காரன் போட்டால் வரும். 'பளிச்' கேட்பவர்களிடம் அவன் பிழைக்க மாட்டான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஸில்வரின் ஆழ்ந்த கறுப்பு பிளாட்டினத்துக்குக் கிடையாது. ஜெலட்டின் பூச்சு இல்லாமல் உலோகம் காகித நாரிலேயே தங்கிவிடுவதால் பளபளப்புக்கு வழியில்லை. அதற்காக மங்கலையெல்லாம் 'மென்மை' என்று விற்கும் பிளாட்டினக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வில்லியம் வில்லிஸ் இந்த முறைக்கு 1873-இல் காப்புரிமை வாங்கினார். அந்நாளில் தாளை ஈரம் தாக்காதிருக்கக் கால்சியம் குளோரைடு வைத்த தகர டப்பாவில் அடைத்து விற்றார்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கழியுமான ஊரில் தாளைத் திறந்து போட்டுவிட்டு, படம் கலங்கியதும் கலை என்றால் எப்படி?

முதல் உலகப் போரை ஒட்டிப் பிளாட்டினம் விலையேறித் தாள் அரிதானபோது, பிரெடரிக் ஈவன்ஸ் போட்டோ எடுப்பதையே விட்டுவிட்டார். பிடிவாதக்காரர்தான். எனக்கு அவரைப் பிடிக்கிறது.

"ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள்" என்றேன். நண்பர் போய் நின்று, வெகுநேரம் பார்த்தார்.

"புடவையில், இடுப்புக்கு மேலே ஏதோ கோடு தெரிகிறதே?" என்றார்.

சாம்பல் தண்ணீர் ஏறி இறங்கிய மட்டம் அது.